மூட்டைக்கு இரண்டு கிலோ

போடியிலிருந்து சிலமலைக்குப் போகும் வழியில் யாரோ வீட்டுமனை பிரித்து, நடுவில் அகலமாக நேராக ஒரு தார் ரோடு போட்டு, வாசலில் ஒரு வளைவும் கட்டி வைத்திருந்தார்கள். மனை ஒன்றுகூட விற்கவில்லை. ரோட்டில் வெள்ளாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். நான் திருப்பூரிலிருந்து திரும்பி வந்து, வேலை எதுவும் இல்லாமல் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த வளைவுக்கு முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றது. அதன் மேல் ஒரு இறக்கை இருந்தது. நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.

நான் ஆறு வருடம் லாரி கிளீனராக இருந்தவன். சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்னால் போய் நின்று, "வரட்டும், வரட்டும், லேசா ஒடி, ரைட்டு" என்று சொல்லிச் சொல்லி, ஒரு கீறல் விழாமல் உள்ளே கொண்டுவந்தேன். லாரியிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, முப்பத்தைந்து வயது இருக்கும், கோயம்புத்தூர்ப் பேச்சு, "அண்ணா, நாளைக்கும் வருவீங்ளா?" என்று கேட்டார். அவர்தான் அந்த விமானத்தைச் செய்த இன்ஜினியர். அன்றிலிருந்து நான் அவரை மேடம் என்றும் அவர் என்னை அண்ணா என்றும் கூப்பிட்டோம். வேலைக்குச் சேர்ந்தது அவ்வளவுதான்.

என் படிப்பு ஆறாம் வகுப்பில் பாதி. மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தேன். அப்பா செடிக்கு மருந்தடிக்கிற வேலை பார்த்தார். முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பார். நாற்பது வயதில் நெஞ்சு கெட்டுப் போனது, இறந்துவிட்டார். வேலைக்கு ஆள் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் வீடு இல்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் இறங்கினார். அப்புறம் லாரி, பனியன் கம்பெனி, மங்களூரில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் ஐந்து வருடம் எடை போட்டேன். நான் ஒரே இடத்தில் அதிகம் நின்றது அங்கேதான். அங்கே காய்க்குப் பாலிஷ் போடும் மெஷினில் இடது கை மோதிர விரலின் நுனி போனது. மற்ற விரல்கள் நன்றாக இருக்கின்றன.

விமானத்தைப் பொருத்தி முடிக்க ஒரு வாரம் ஆனது. இரண்டு சீட்டு. பார்க்க ஒரு வேன் அளவுதான் இருந்தது, இறக்கையை மட்டும் கணக்கில் எடுக்காவிட்டால். மூக்கில் ஒரு காற்றாடி. நான் டேங்கைப் பார்த்தேன், பேட்டரியையும் பார்த்தேன்.

"இது பெட்ரோல்ல ஓடுதா, கரண்டுல ஓடுதா மேடம்?"

"ரெண்டும்தாங்ணா. பெட்ரோல் இன்ஜின் நேரா காத்தாடியச் சுத்தாது. அது கரண்டு மட்டும் எடுத்துக் குடுக்கும். மோட்டாருதான் காத்தாடியச் சுத்தும். சமமாப் பறக்கறதுக்கு அந்தக் கரண்டு போதும். மேல ஏறும்போது பத்தாது. அப்ப பேட்டரியும் சேந்து குடுக்கும். எறங்கும்போது இன்ஜின் பேட்டரிய நெறப்பிக்கும்."

நான் யோசித்தேன். மழைக்காலத்தில் தோட்டத்து ஜீப் ஏறாது. வளைவில் நாலு பேர் இறங்கித் தள்ளுவார்கள். சமதளம் வந்ததும் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள்.

"அப்ப பேட்டரிங்கிறது ஏத்தத்துல எறங்கித் தள்ளுற ஆளு."

மேடம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். "இதத்தானுங்ணா நான் பெங்களூருல நாப்பது படம் போட்டு வெளக்குனேன். பாதிப் பேரு தூங்கிட்டாங்க."

அந்த இறங்கித் தள்ளுகிற ஆளைப் பற்றித்தான் பெங்களூரில் சந்தேகம். பணம் போட்டவர்களில் சிலர், இரண்டையும் சேர்த்தால் எடைதான் கூடும், பேசாமல் பெட்ரோல் இன்ஜினே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் மேடம் போடியைத் தேர்ந்தெடுத்திருந்தார். கீழே வெயில் கொளுத்தும் சமவெளி, பக்கத்திலேயே சுவர் மாதிரி மலை. நிறை எடையோடு கிளம்பி, ஒரே மூச்சில் போடிமெட்டு உயரத்துக்கு ஏறி, உச்சியில் பேட்டரியில் நூற்றுக்கு நாற்பது மிச்சம் இருக்க வேண்டும். அப்படி மூன்று தடவை. வைகாசிக்குள் முடிய வேண்டும். ஆனி பிறந்தால் மலையிலிருந்து காற்று இறங்கும். பிறகு அந்த ரோட்டில் குடைகூடப் பிடிக்க முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே கேட்டுவிட்டேன். "மேடம், ரயிலு, லாரி, மீன்பிடி போட்டு எல்லாம் ஏறியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"மூணு தடவையும் சரியா வந்துச்சுன்னா, நாலாவது தடவை சுமைக்கு வெக்கற மணல் மூட்டைல கொஞ்சம் எறக்கிட்டு உங்கள ஏத்தறேன்" என்றார் மேடம். விமானம் ஓட்டுகிறவர் தலையை ஆட்டினார். அவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற, கேரளத்துத் தொடுபுழைக்காரர். நாங்கள் கேப்டன் என்போம். "ஆள் ஒல்லியாணு. மூட்டையைவிட நல்லதாணு" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த சீட்டுதான் ஞாபகம். சின்ன வயதில் போடிமெட்டு ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பின் பின்பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுத்திருக்கிறேன். அந்த ரோட்டை மேலே இருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது.

எனக்கு இரண்டு வேலை. ஒன்று, ரோட்டில் இருந்து ஆடுகளை விரட்டுவது. ஆடுகள் சிலமலையில் இருந்து வரும் ஒரு அக்காவுடையவை. விரட்டுவதைவிட அக்காவிடம் பேச்சு வாங்குவதுதான் கஷ்டம்.

"ஏப்பா, ஒங்க ஏரோப்ளேனு பறக்குமா, இல்ல இப்படியே உருட்டிக்கிட்டே இருப்பீகளா?"

"பறக்கும்க்கா. நீங்க ஆட்ட ஓட்டுங்க வெரசா."

"எங்க ஆடு இந்த ரோட்டுல மூணு வருசமாப் படுக்குது. நீங்க முந்தாநேத்து வந்தவுக."

இரண்டாவது வேலை மூட்டை கட்டுவது. முழுச் சுமையோடு சோதிக்க வேண்டும். கேப்டன் ஒருவர்தான் ஆள், மற்ற சுமைக்கு மணல். கெட்டித் துணிப்பை பன்னிரண்டு கொடுத்து, பைக்குப் பத்துக் கிலோ என்றார் மேடம். விமானத்தையே ஏற்றி எடைபோடும் பெரிய தராசுகள், முதல் எடை போட்டதோடு கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டன. நான் முன்பு வேலை பார்த்த ஏலக்காய்க் கடைக்குப் போய் வட்ட முகப்பு வைத்த தொங்கு தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். வளைவில் பேனர் கட்டுவதற்கு வைத்திருந்த கொக்கியில் தொங்கவிட்டேன். எம்-சாண்டு அள்ளிப் போட்டு, நிறுத்து, வாயைத் தைத்து, என் கையாலேயே நோட்டில் எழுதினேன். ஒன்று, பத்து. இரண்டு, பத்து. பன்னிரண்டு வரைக்கும். தூக்கி வைத்துக் கட்டியதும் நான்தான்.

முதல் தடவை விமானம் கிளம்பியபோது அக்காவே எழுந்து நின்று பார்த்தாள். ரோடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சக்கரம் தரையை விட்டது. மேடத்தின் முகம் அப்போதே மாறியது. அரை மணி நேரம் கழித்துக் கேப்டன் இறங்கி வந்து சொன்னார்: "உச்சியில் முப்பத்தொண்ணு."

நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று.

அடுத்த நாலு நாளும் அந்தத் தகரக் கொட்டகையில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. மேடத்தோடு வந்திருந்த இரண்டு இன்ஜினியர்களும் கரண்டு எடுக்கிற ஜெனரேட்டரைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். ஒயர் முடிச்சு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்கள். காற்றாடியின் சாய்வை அளந்தார்கள். நான் வாங்கி வந்த பரோட்டா பேப்பரிலேயே ஆறி விறைத்துப் போகும். மேடம் கம்ப்யூட்டரில் இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கோடு அவர் கணக்கு. இன்னொரு கோடு நடந்தது. இரண்டும் சேர்ந்து கிளம்பி, மலை ஏற ஏறப் பிரிந்துவிடும்.

"எங்கியோ ஓட்டை இருக்குதுங்ணா. கரண்டு எங்கியோ ஒழுகுது" என்பார்.

நானும் சிரத்தையாக ஒயரையெல்லாம் பார்த்தேன். இரண்டாவது தடவை பறந்ததில் முப்பத்திரண்டு. அன்று சாயங்காலம் பெங்களூரில் இருந்து போன் வந்தது. மேடம் ரோட்டின் கடைசி வரை நடந்துகொண்டே பேசிவிட்டுத் திரும்பி வந்து, "ஒரு வாரம் குடுத்திருக்காங்க" என்றார். அவருடைய ஆறு வருட வேலை அது. எனக்கு ஒரு சீட்டு.

மறுநாள் அக்கா ஒரு கிடாயை விற்பதற்கு ஆள் கூட்டி வந்தாள். போடியில் கறிக்கடை வைத்திருப்பவர். "ஒங்க தராசுல போட்டுச் சொல்லு அப்பு, நீதான் பொதுவான ஆளு" என்றாள். வயிற்றுக்குக் கீழே கயிறு கொடுத்து, கிடாயைக் கொக்கியில் தொங்கவிட்டேன். அது காலை உதறிக்கொண்டு என்னைத் திட்டியது. முள் நின்றது.

"எம்புட்டு?" என்றார் கறிக்கடைக்காரர்.

"இருபத்திரெண்டு."

அக்கா கையை இடுப்பில் வைத்தாள். "ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? முள்ளு இருபத்திநாலுல நிக்குது! நான் எழுத்துத்தான் தெரியாதவ, நம்பரு தெரியாதவ இல்ல."

"ஆமாக்கா, ரெண்டு கழிச்சேன்ல."

"எதுக்குக் கழிச்ச?"

"சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு…"

"ஆட்டுக்கு ஏதுடா சாக்கு!"

கறிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே சொன்னதே இருக்கட்டும்த்தா, நல்ல மனுசன்" என்றார். அக்கா அவரை முறைத்தாள். நான் சிரிக்கவில்லை. கிடாயை இறக்கிவிட்டு முள்ளையே பார்த்தேன்.

எங்கள் கடையில் பச்சைக்காய் மூட்டை வந்தால், சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ கழித்துத்தான் வாயில் எண் வரும். முள் ஐம்பத்திரண்டில் நின்றால் நாக்கு ஐம்பது என்று சொல்லும். ஐந்து வருடம் ஒரு நாளைக்கு நூறு மூட்டை. கழிக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. பத்துக் கிலோ மணல் வேண்டும் என்றால், என் கை பன்னிரண்டு வரைக்கும் போட்டுவிட்டுத்தான் நிற்கும்.

அவர்கள் போன பிறகு விமானத்தில் இருந்து ஒரு மூட்டையை இறக்கித் தொங்கவிட்டேன். பன்னிரண்டு. இன்னொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டு மூட்டையும் பன்னிரண்டு. இருபத்துநாலு கிலோ அதிகமாக ஏற்றிக்கொண்டு கேப்டனை இரண்டு தடவை மலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

முதலில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். மத்தியான வெயிலில் எல்லோரும் கொட்டகைக்குள் இருந்தார்கள். முதல் மூட்டையின் தையலைப் பிரித்து, ஒரு தகர டப்பாவில் இரண்டு கிலோ மணலை எடுத்தேன். மற்ற பதினொன்றிலும் எடுத்துத் தைத்துவிட்டால் முடிந்தது. அடுத்த தடவை நாற்பது வரும். அன்று காலையில் இன்ஜினியர்கள் ஏதோ ஒரு ஒயரை மாற்றியிருந்தார்கள், அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். என் சீட்டு என்னுடையது.

ஆனால் கேப்டனுக்கு ஒரு பழக்கம். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே விமானத்தைச் சுற்றி வருவார். இறக்கையை ஆட்டிப் பார்ப்பார், பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். கடைசியாக என் நோட்டை வாங்கி, என் கோணல் எழுத்தை உரக்கப் படித்து, "ஓக்கே" என்று கையெழுத்துப் போடுவார். மூட்டைகளைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. அந்த ஒன்றில் மட்டும் என்னை நம்பினார்.

டப்பா மணலைத் திரும்பப் பைக்குள் கொட்டினேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.

"மேடம், கரண்டு எங்கயும் ஒழுகல. மூட்டை ஒவ்வொண்ணும் பன்னெண்டு கிலோ."

யாருக்கும் புரியவில்லை. சாக்கு, ஈரம், கிடாய் எல்லாம் சொன்னேன்.

கேப்டன்தான் முதலில் எழுந்தார். "எடோ! ரெண்டு தடவை ஞான் இருவத்திநாலு கிலோ கள்ளச்சரக்கும் வெச்சிட்டாணோ பறந்தது? செக்போஸ்டுல கூட இப்படி இல்ல, கேட்டோ!" இன்ஜினியர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். கேப்டன் சிரிக்கவில்லை. "தமாஷ் அல்ல. நோட்டுல பத்துன்னா எனக்குப் பத்து" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வெயிலில் ரோட்டின் கடைசி வரை நடந்து போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அவர் உயிர் அது. அவர் இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம்.

மேடம் என்னைத் திட்டவே இல்லை. கம்ப்யூட்டரை இழுத்து, இருபத்துநாலைச் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார். அவர் கணக்குக் கோடு அசைந்து, கீழே இறங்கி, நடந்த கோட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"நாலு நாளா அந்த ஜெனரேட்டர அப்பிடித் திட்டீட்டு இருந்தனுங்ணா. அது பாவம், கூட இருவத்திநாலு கிலோவ இழுத்துட்டு மலை ஏறியிருக்குது!" பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இனிமே தராச நீங்க தொடக்கூடாது."

"சரிங்க மேடம்."

சீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தராசுக்கு யார் என்று பேச்சு வந்தபோது, நான்தான் அக்காவைச் சொன்னேன். கழிக்கவும் தெரியாது, அடுத்தவர் கழித்தாலும் விடமாட்டாள். அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். மத்தியானம் விமானம் பறக்காத நேரத்தில் ஆடுகள் ரோட்டிலேயே படுக்கும். மேடம் ஒப்புக்கொண்டார். அக்கா வளைவுக்குக் கீழே நின்று முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள், இன்ஜினியர் எழுதுவார். நான் மணல் அள்ளிப் போடுவேன். பத்துக்கு மேல் ஒரு பிடி விழுந்தாலும், "போதும், போதும், கையக் கட்டு" என்பாள். கேப்டன் இப்போது ஒவ்வொரு மூட்டையையும் தானே ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்துக்கொண்டே தூக்குவார்.

மூன்றாவது தடவை ரோட்டில் பாதியிலேயே சக்கரம் தரையை விட்டது. கேப்டன் ரேடியோவில் "நாப்பது" என்றார். ஒரு நாள் விட்டு நாற்பத்தொன்று. அதற்கு மறுநாள் நாற்பது. அன்று மேடம் போனை எடுத்துக்கொண்டு மறுபடியும் ரோட்டின் கடைசிக்கு நடந்தார். திரும்பி வரும்போது ஓடி வந்தார். எடை கூடியும் அது மலை ஏறிய இரண்டு தடவையையும் பெங்களூர்க்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். அதுதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்ததாம்.

நான் ஆடுகளை ஓரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கேப்டன் பின்னால் வந்து நின்றார்.

"மூட்டை காலையில ஆறு மணிக்கு வரணும்."

"எந்த மூட்டை கேப்டன்?"

"ஒரு விரல் குறைஞ்ச மூட்டை."

காலையில் என்னையும் எடை போட்டார்கள். ஆள் நிற்கிற தராசு இல்லை, அதனால் அதே கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினேன். அக்கா முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆட்டாத அப்பு! கிடாய்கூட இந்த ஆட்டு ஆட்டல. அறுவத்திமூணு." பிறகு கேப்டனிடம், "ஏன்யா, இதுக்குச் சாக்குக் கழிவு உண்டா?" என்றாள். கேப்டன் அன்றுதான் பழையபடி சிரித்தார்.

ஒரு காகிதத்தில், நானே விரும்பி ஏறுகிறேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். மீதி எடைக்குச் சின்ன மூட்டைகளை என் காலடியில் கட்டினார்கள். காதில் மாட்டிக்கொள்ள ஒன்று கொடுத்தார்கள். "மூட்டை பேசாது. மூட்டை ஒண்ணையும் தொடாது. உச்சியில் மட்டும் இந்தத் திரையில் உள்ள நம்பரைச் சொல்லணும்" என்றார் கேப்டன்.

ஆடுகள், அக்கா, வளைவு எல்லாம் ஒரே நொடியில் கீழே போய்விட்டன. போடியின் மாடிகள், தண்ணீர் டேங்குகள், ரயில் பாதை, மாந்தோப்புகள். பிறகு குரங்கணிப் பக்கத்துக் காடு கரும்பச்சையாகத் திரும்பியது. இன்ஜின் சத்தத்தோடு, பேட்டரியும் சேர்ந்து தள்ளுவது முதுகில் தெரிந்தது.

அப்புறம் அந்த ரோடு வந்தது. எத்தனை வளைவு என்று எண்ணப் பார்த்தேன், நடுவில் விட்டுப் போனது. ஒரு ஜீப் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. வாந்தி எடுக்கிற மாதிரி ஒரு பிள்ளை அதில் இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை, அவ்வளவு சின்னதாக இருந்தது. எனக்கு வாந்தி வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகம் ஒன்று போடிமெட்டு செக்போஸ்டின் மேல் படுத்திருந்தது.

கேப்டன் விரலால் திரையைக் காட்டினார்.

"மேடம், நாப்பத்தொண்ணு" என்றேன்.

காதில் கொஞ்ச நேரம் கரகரவென்று கேட்டது. பிறகு மேடத்தின் குரல். "கழிச்சதாங்ணா, கழிக்காததாங்ணா?"

திரையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். "கழிக்காதது மேடம். அப்படியே நிக்கிது."

பின்னால் அக்காவின் குரலும் கேட்டது. "அந்தக் கேப்டனையும் ஒருக்காப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க!"

கேப்டன் பார்த்தார். "நாப்பத்தொண்ணு, கரெக்ட்" என்றார். பிறகு ஒரு சுவிட்சை அமுக்கினார். இன்ஜின் நின்றது. காற்றாடி மட்டும் பேட்டரியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மலைக்கும் எங்களுக்கும் நடுவில் காற்றுச் சத்தம் மட்டும். இன்ஜின் இல்லாமல் பேட்டரியில் மட்டும் கொஞ்ச தூரம் இறங்க முடிகிறதா என்று பார்ப்பதற்காக அப்படிச் செய்வார்கள் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். இருந்தாலும் சீட்டின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"எங்ஙனே உண்டு? எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் கீழே அந்த வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடோ, ஏதாவது பறயு!"

"மூட்டை பேசாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன்.